வலைப்பதிவு என்னும் நாட்குறிப்பு: ஒரு திறனாய்வு

இலக்கியத் திறனாய்வு என்றவுடன் காவியமும் கவிதையும் நாவலும் சிறுகதையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஒருவர் தம் அன்றாட வாழ்வைப்பற்றி எழுதிவைத்த குறிப்புக்களைத் திறனாய்வுக்கு உரிய பொருளாகக் கொள்வார் மிகச் சிலரே. அக்குறிப்புக்கள்தாமும் புதிதாகக் கைக்கு வந்த ஒரு கருவியைச் சோதித்துப் பார்க்கும் ஆர்வத்தால் எழுந்தவை எனின், அவற்றை எழுத்து எனச் சொல்லவும் பலர் தயங்குவர். தமிழில் 2003 ஆம் ஆண்டு முதலாக இணையத்திற் பெருகிய வலைப்பதிவுகள் பெரும்பாலும் இத்தகையனவே. அவற்றை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்குவாரும் உளர். புதியதோர் இலக்கிய ஊழியின் விடியல் எனப் போற்றுவாரும் உளர். இவ்விரு கூற்றும் பொருந்தா என்பதும், வலைப்பதிவை நாட்குறிப்பு என்னும் வகையுள் வைத்து அளத்தலே முறை என்பதும், அவ்வாறு அளக்குமிடத்து அதன் சிறப்பும் குறையும் ஒருங்கே புலனாகும் என்பதும் இக்கட்டுரையின் துணிபாம். விசுவமடுவில் ஆசிரியத் தொழில் புரியும் ஒருவனுக்கு இப்பொருளில் இத்துணை அக்கறை ஏன் என வினவுவார்க்குரிய விடை, கட்டுரையின் பிற்பகுதியிற் கிடைக்கும்.

வலைப்பதிவு யாது என்பதை முதற்கண் வரையறுத்துக் கொள்வோம். ஒருவர் தாம் எழுதியதை நாளும் நேரமும் குறித்து இணையத்தில் இடுவதற்கும், படிப்போர் அதன்கீழ்த் தம் கருத்தை எழுதுவதற்கும் இடந்தரும் ஏடே வலைப்பதிவு. 1997 ஆம் ஆண்டின் இறுதியில் ஜோர்ன் பார்கர் என்னும் அமெரிக்கர் இதற்கு 'வெப்லாக்' என்னும் பெயரை வழங்கினார். அக்காலத்தில் இணையத்தில் எழுத விரும்பியவர், பக்கங்களை அமைக்கும் குறிமொழியைக் கற்றிருத்தல் வேண்டும்; எழுதிய கோப்பினை வழங்கிக்கு அனுப்பும் முறையையும் அறிந்திருத்தல் வேண்டும். 1999 ஆகஸ்ட் மாதத்தில் பைரா லாப்ஸ் என்னும் சிறு நிறுவனம் 'பிளாகர்' என்னும் கருவியை வெளியிட்டதும் அத்தடை பெரிதும் நீங்கிற்று. ஒரு பெட்டியில் எழுதிப் பொத்தானை அழுத்தினாற் போதும் என்றாயிற்று. 2003 பெப்ரவரியில் கூகிள் நிறுவனம் அதனை வாங்கியது. அவ்வாண்டு மே மாதத்தில் 'வேர்ட்பிரஸ்' என்னும் மற்றொரு கருவியும் வெளிவந்தது. தமிழ் வலைப்பதிவுகளும் அதே ஆண்டிலேயே தோன்றலாயின. அச்சுக்கலைக்கும் நமக்கும் இடையே இருந்த நெடுந்தூரத்தை நினைப்பார்க்கு இவ்விரைவின் அருமை விளங்கும்.

நாட்குறிப்பு தமிழுக்குப் புதியதன்று. புதுச்சேரியிற் பிரெஞ்சுக் கும்பினியாரின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப்பிள்ளை (1709–1761), 1736 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதந் தொடங்கிக் கால் நூற்றாண்டு அளவும் எழுதிய தினப்படிக் குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கின்றது. துறைமுகத்துக்கு வந்த கப்பல், தேசாதிபதி பேசிய பேச்சு, சரக்கின் விலை, ஊரார் வதந்தி, தமக்கு நேர்ந்த மனக்கசப்பு ஆகிய அனைத்தையும் அவர் வழக்குத் தமிழிலேயே எழுதினார். அவர் காலத்துப் புலவர் எவரும் அதனை இலக்கியமாக மதித்திருக்க மாட்டார். 1846 இல் கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்டெடுக்கும் வரையில் அது வெளியுலகம் அறியாத ஏடாகவே இருந்தது. பின்னர் 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக அது வெளிவந்தது. இன்று அக்காலத் தென்னாட்டு வரலாற்றை எழுதப் புகுவார் எவரும் அதனைத் தவிர்த்துச் செல்ல இயலாது.

இவ்வரலாற்றினின்றும் நாட்குறிப்பை அளப்பதற்குரிய நான்கு கோல்களை நாம் பெறலாம். நிகழ்ந்த அன்றே எழுதப்பட்டதா என்பது ஒன்று. கண்டது கண்டவாறே கூறப்பட்டதா என்பது மற்றொன்று. எழுதியவர் தம் பிழையையும் தடுமாற்றத்தையும் மறையாது வைத்தனரா என்பது மூன்றாவது. எழுதிய ஏடு நிலைபெற்றதா என்பது நான்காவது. காவியத்துக்குரிய கட்டுக்கோப்பையோ சிறுகதைக்குரிய செறிவையோ நாட்குறிப்பில் தேடுதல், கிணற்றை அளக்கும் கயிற்றால் வயலை அளப்பது போலாகும்.

இனி, கருவி ஆர்வம் இலக்கியத்திற்குப் புறம்பானது என்னும் கருத்தைச் சிறிது ஆராய்வோம். ஈழத்து உரைநடையின் தந்தை எனப் போற்றப்படும் ஆறுமுக நாவலர் 1849 இல் தம் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையுடன் சென்னைக்குச் சென்றது அச்சியந்திரம் ஒன்றைப் பெற்று வருதற்காகவே. வண்ணார்பண்ணையில் அவர் நிறுவிய அச்சுக்கூடமும், அவர் தமிழ் உரைநடையில் வழங்கிய குறியீட்டு முறையும் வேறு வேறானவை அல்ல. அச்செழுத்துக்களைக் கையாண்டு பழகிய அறிவு அவருடைய வாக்கிய அமைப்பிலும் புலனாகின்றது. சுண்டுக்குளியிற் பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற ஆர். முத்தையா, தமிழின் 247 எழுத்துக்களையும் ஒரு சிறு விசைப்பலகையில் அடக்கும் வழியைத் தேடினார். விசிறி முதலிய குறிகளை அடிக்கும்போது உருளை நகராது நிற்குமாறு அவர் அமைத்த 'நகரா விசை', அலுவலகங்களிலும் பத்திரிகைக் காரியாலயங்களிலும் தமிழை ஏற்றி வைத்தது. கருவியைத் திருத்தியவர்களே மொழிக்குப் புதிய இடங்களைத் திறந்து கொடுத்தனர் என்பது இவற்றாற் போதரும்.

வலைப்பதிவர் எதிர்கொண்ட இடர்ப்பாடும் இதனோடு ஒத்ததே. தொண்ணூறுகளில் ஈழத்தவர் பெரிதும் கையாண்ட 'பாமினி' முதலிய எழுத்துருக்கள், உரோமன் எழுத்துக்களுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. எழுதியவரிடம் உள்ள அதே எழுத்துரு படிப்பவரிடமும் இல்லையெனில், திரையில் தமிழுக்குப் பதிலாக உரோமன் எழுத்துக்களின் குவியலே தோன்றும். ஒருங்குறி என்னும் பொதுமுறை வந்ததும் ஒவ்வொரு மொழிக்கும் தனியிடம் ஒதுக்கப்பட்டது. தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி 1991 இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே இருந்தது. இங்கே இலக்கண மாணாக்கர் கருதத்தக்கதொன்று உண்டு. 'கெ' என்னும் எழுத்தைத் தட்டச்சுப் பொறியில் அடிப்பவர் முதலிற் கொம்பையும் பின்னர்க் ககரத்தையும் அடிப்பர். கண்ணுக்குத் தோன்றும் வரிசை அது. ஒருங்குறியோ ககரத்தை முதலிலும் கொம்பைப் பின்னருமாகச் சேமிக்கின்றது. உயிர்மெய்யில் மெய்யின் பின்னரே உயிர் ஒலிக்கும் எனத் தொல்காப்பியர் கூறிய ஒலிமுறை இதனோடு ஒத்திருத்தல் காண்க. வரிவடிவை விடுத்து ஒலிவரிசையை இயந்திரம் பின்பற்றுதல் வியப்புக்குரியது.

ஆயினும் முறை வகுக்கப்பட்டதனாலேயே எழுத்துத் திரையில் தோன்றிவிடவில்லை. பழைய கணினிகளில் ஒருங்குறித் தமிழ் கட்டங்கட்டமாகவே தெரிந்தது. ஆகவேதான், பல தமிழ் வலைப்பதிவுகளின் முதல் இடுகை 'சோதனை' என்னும் தலைப்புடையதாய் அமைந்தது. "இது தமிழில் தெரிகிறதா?" என ஒருவர் வினவுவர்; "தெரிகிறது" என ஒரு நாட்டிலிருந்தும், "கொம்பு இடம் மாறியிருக்கிறது" என வேறொரு நாட்டிலிருந்தும் விடை வரும். பின்னர் எழுத்துரு மாற்றப்படும். பக்கத்தின் வார்ப்புரு மாற்றப்படும். மாற்றியதில் என்ன தவறு நேர்ந்தது என்பதும் மறுநாள் எழுதப்படும். இவ்விடுகைகளைப் பயனற்றவை எனக் கழித்துவிடுதல் எளிது. ஆனால் நாம் மேலே கொண்ட மூன்றாவது கோலால் அளந்தால், தன் தடுமாற்றத்தை மறையாத நேர்மை இவற்றிற்போல நம் உரைநடையில் வேறெங்கும் இத்துணை வெளிப்படையாகக் காணப்படவில்லை. கட்டுரை எழுதுவோன் தான் அறிந்ததையே எழுதுகின்றான். சோதனைப் பதிவு எழுதுவோன் தான் அறியாததையும் எழுதுகின்றான்.

இச்சோதனைகளின் பின்னால் ஊதியங் கருதாது உழைத்தோர் பலர். அதிராம்பட்டினத்து உமர் தம்பி (1953–2006) 'தேனீ' என்னும் எழுத்துருவை ஆக்கி, பழைய கணினியுடையாரும் ஒருங்குறித் தமிழைப் படிக்க வழிசெய்தார். ஜெர்மனியில் வாழ்ந்த ஈழத்தவரான சுரதா யாழ்வாணன், பாமினி முதலிய பழைய முறைகளில் உள்ளதை ஒருங்குறிக்கு மாற்றும் 'பொங்குதமிழ்' என்னும் கருவியைத் தந்தார். தட்டச்சு செய்வதற்கு 'எ-கலப்பை' வந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த காசி ஆறுமுகம் 2004 ஆகஸ்டில், பல்வேறு வலைப்பதிவுகளிற் புதியன எழுதப்பட்டவுடன் அவற்றை ஓரிடத்திற் காட்டும் 'தமிழ்மணம்' என்னும் திரட்டியைத் தொடக்கினார். மற்றொரு திரட்டிக்குத் 'தேன்கூடு' என்பது பெயர். கலப்பை, தேனீ, மணம், தேன்கூடு என்னும் இப்பெயர்களை நோக்குக. இயந்திரத்தை ஆக்கியோர் அதற்கு வயலிலும் சோலையிலும் இருந்தே பெயர் எடுத்தனர். இணைப்பைச் 'சுட்டி' என்றும், படிப்போர் எழுதும் கருத்தைப் 'பின்னூட்டம்' என்றும், தனித்தனியாக எழுதி இடப்படுவதை 'இடுகை' என்றும் வழங்கலாயினர். குழு அமைத்து அகராதி கண்டு ஆக்கிய சொற்கள் அல்ல இவை. தேவை நேர்ந்த அன்றே ஆக்கப்பட்டு, பிடித்தாற் பரவி, பிடியாதாயின் மறைந்தவை. ஆட்சிமொழித் திணைக்களங்கள் ஆக்கிய கலைச்சொற்கள் பலவற்றினும் இவை எளிதில் வாயில் நுழைந்தமைக்குக் காரணம் இதுவே எனலாம்.

இனி, எழுத்தின் தன்மையை நோக்குவாம். காசி ஆறுமுகம் ஒருங்குறியைப் பொதுமக்களுக்கு விளக்கி எழுதிய 'என் கோடு உன் கோடு யூனிகோடு தனிக்கோடு' என்னும் தொடர், தலைப்பிலேயே தன் நடையைக் காட்டிவிடுகின்றது. விளங்காத ஒன்றை விளக்கும்போது, பண்டிதர் கலைச்சொல்லைத் துணைக்கு அழைப்பர். இவரோ விளையாட்டை அழைக்கின்றார். பொறியியல் கற்று, பதிப்புத் துறையிற் புகுந்த பத்ரி சேஷாத்ரியின் 'எண்ணங்கள்' வேறொரு வகை. அன்று படித்த நூல், சென்ற கூட்டம், பொருளாதாரம், கிரிக்கெட், கணினி என எதனையும் அவர் ஒரே அமைதியான நடையில் எழுதுகின்றார். கேட்ட சொற்பொழிவின் ஒலிப்பதிவையும் இணைத்துவிடுகின்றார். அலங்காரம் சிறிதும் இல்லாத அந்நடை சில இடங்களில் வறண்டு போவதும் உண்டு. ஆயினும் தகவலைத் தகவலாகக் கூறும் உரைநடை தமிழில் அருகியிருந்த நிலையில் அதன் பயன் பெரிது. திருகோணமலையைச் சேர்ந்த மு. மயூரன், கட்டற்ற மென்பொருள் என்னும் கொள்கையை ஈழத்துச் சூழலில் வைத்து எழுதினார். கருவி யாருடையது, அதனைத் திறந்து பார்க்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினாக்களை எழுப்பியமையால், கருவி ஆர்வம் அவரிடத்துச் சமூகச் சிந்தனையாக வளர்ந்தது.

கருவியைப் பயன்படுத்தும் நோக்கமன்றிக் கருவி ஆராய்ச்சி அற்றோரும் இவ்வாயிலாக எழுத வந்தனர். நியூசிலாந்திலிருந்து 'துளசிதளம்' எழுதிய துளசி கோபால், பூனையும் தோட்டமும் கோயிற் பயணமும் ஆகிய வீட்டு நிகழ்ச்சிகளை அயல்வீட்டாருடன் வேலியருகே நின்று பேசுவது போன்ற நடையில் எழுதினார். அச்சுச் சஞ்சிகை எதுவும் அவற்றை அந்த வடிவத்தில், அத்தனை நீளத்தில், அத்தனை ஆண்டுகள் வெளியிட்டிராது. சிட்னியில் வானொலிப் பணியாற்றிய கானா பிரபா, 'மடத்துவாசல் பிள்ளையாரடி' என்னும் பதிவில் இணுவிலைச் சூழ்ந்த தம் இளமைக்காலத்தை எழுதினார். 'றேடியோஸ்பதி' என்னும் பிறிதொரு பதிவிற் பாட்டையும் ஒலியையும் எழுத்தோடு சேர்த்துப் பார்த்தார். 'ஈழத்து முற்றம்' என்னும் கூட்டுப் பதிவில் நம் ஊர்ச்சொற்களும் வழக்கங்களும் பலராலும் எழுதப்பட்டன. ஊரைப் பிரிந்தோர், ஊர்ச்சொல்லை மறந்துவிடாதிருக்கும் பொருட்டு எழுதியவை அவை. நான் கண்ட அளவில், ஈழத்துப் பேச்சு வழக்கின் நுட்பங்களை அறிய விரும்பும் மாணாக்கனுக்கு அவற்றிற் கிடைக்கும் செல்வம் சிறுகதைகளிற் கிடைப்பதினும் குறைந்ததன்று.

பின்னூட்டத்தைப்பற்றியும் ஒரு சொல். அச்சு நூலில் எழுதியவர் குரல் ஒன்றே உண்டு. வலைப்பதிவிலோ மூலமும், அதனை விளக்குவோர் உரையும், மறுப்போர் கூற்றும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. மூலம், உரை, கண்டனம், கண்டனத்துக்கு மறுப்பு எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணம் நடத்திய வாதப்போரை அறிந்த நமக்கு இது முற்றிலும் புதியதாகத் தோன்றாது. அக்காலத்தில் ஒரு மறுப்பு அச்சேற மாதங்கள் சென்றன. இங்கே நிமிடங்களே செல்கின்றன. வேறுபாடு அதுவே, அவ்வேறுபாட்டின் விளைவு நன்றும் தீதுமாயிற்று.

குறைகளையும் மறையாது கூறுதல் திறனாய்வாளன் கடன். விரைவின் காரணமாக ஒற்றுப்பிழையும் வாக்கியப் பிழையும் மலிந்தன. பின்னூட்டத்தின் எண்ணிக்கையும் திரட்டியில் முதலிடமும் எழுத்தின் அளவுகோலாயின; அவற்றைப் பெறுதற்கென்றே பொருளற்றவை எழுதப்பட்டன. பதிவர்களே அத்தகையவற்றை 'மொக்கை' எனப் பெயரிட்டு நகைத்தனர் என்பது அவர்தம் நேர்மைக்குச் சான்றாகுமேயன்றி, அவற்றிற்குப் பொருளைத் தந்துவிடாது. குழு மனப்பான்மையாற் பூசல்கள் மூண்டன. பெயரை மறைத்து எழுதும் வசதி இழிசொல்லுக்கும் இடமளித்தது. ஒரு சிலரிடத்துக் கருவியே பொருளாகி, எழுதுதற்கு ஒன்றும் இல்லாதபோதும் வார்ப்புருவை மாற்றிக்கொண்டிருக்கும் நிலை ஏற்பட்டது. எழுதுகோலைச் சீவிச் சீவியே பரீட்சை நேரத்தைக் கழிக்கும் மாணவனை இவர்கள் நினைவூட்டுகின்றனர். இறுதி நாளை முதலிற் காட்டும் வலைப்பதிவின் அமைப்பும் ஒரு குறையே. படிப்பவன் நேற்றைய இடுகையைக் கண்டு திரும்பிவிடுகின்றான். அதன் வேராகிய முதல் நாளுக்குச் செல்வார் அரியர்.

இவை யாவினும் பெரிய குறை நான்காவது கோலால் அளக்கும்போது தெரிகின்றது. அதனைக் கூறுமுன் என் சொந்த வாழ்க்கையில் ஒன்றைக் கூற வேண்டியிருக்கின்றது.

என் தந்தையார் விசுவமடுவிற் காடு வெட்டி மிளகாய்த் தோட்டஞ் செய்தவர். எட்டாம் வகுப்புக்கு மேற் படியாதவர். ஆயினும் நாள்தோறும் இரவில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் நான்கைந்து வரி எழுதும் வழக்கம் அவருக்கு இருந்தது. செத்தல் மிளகாயின் விலை, கிணற்றின் நீர்மட்டம், மழை, கூலி ஆகியவற்றோடு, அவர் செய்து பார்த்த சோதனைகளும் அதில் இருந்தன. தொண்ணூறுகளிற் பொருளாதாரத் தடையால் வன்னிக்குப் பெற்றோல் வருவது அரிதாயிற்று. சில துளி பெற்றோலைச் 'சூப்பி'யால் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடவிடும் உபாயத்தை எல்லோரும் கையாண்டனர். காலையில் எத்தனை துளி, வெயிலேறிய பின் எத்தனை துளி, எந்த அளவிற்குமேற் புகை கக்கியது, பிளக்கை எத்தனை நாளுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும் என அவர் எழுதிவைத்தார். மின்சாரம் இல்லாத அக்காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுழற்றி, டைனமோவால் வானொலி கேட்டோம். எவ்வளவு வேகத்திற் சுழற்றினாற் குரல் தெளியும் என்பதும் அக்கொப்பியில் இருந்தது. ஒரு வரியில் இயந்திரம். அடுத்த வரியில் எங்கள் தங்கையின் காய்ச்சல். இரண்டையும் அவர் பிரித்து எழுதவில்லை.

அவ்வாறான கொப்பிகள் ஏறத்தாழ முப்பது இருந்தன. 2009 ஜனவரியில் ஊரைவிட்டுக் கிழக்கு நோக்கி நகர்ந்தபோது அரிசியும் தறப்பாளும் எடுத்தோம். கொப்பிப் பெட்டியை எடுக்கவில்லை. மீண்டு வந்தபோது வீட்டின் அத்திவாரமே எஞ்சியிருந்தது. தந்தையார் 2014 இற் காலமானார். 2022 ஆம் ஆண்டில் நாடெங்கும் எரிபொருள் இல்லாதுபோன வேளையில், அயலிலுள்ள இளைஞர் சிலர் என்னிடம் வந்து, "மாஸ்டர், உங்கட ஐயா அந்த நாளில எப்பிடி மிசினை ஓட்டினவர்?" எனக் கேட்டனர். துளி விட்டு ஓட்டியமையைக் கூற முடிந்தது. எத்தனை துளி என்பதைக் கூற முடியவில்லை.

தமிழ் வலைப்பதிவுகளை யான் விரும்பிப் படிக்கலானது அதன் பின்னரே. முன்பின் அறியாத ஒருவர், எழுத்துரு ஒன்றை நிறுவுகையில் நேர்ந்த தவறையும் அன்று தம் பிள்ளை பள்ளிக்குச் சென்றதையும் அடுத்தடுத்து எழுதியிருப்பதைக் காணுந்தோறும், அந்தக் கொப்பியின் உறவினனைக் கண்டாற்போல இருந்தது. ஆனால் தேடிச் செல்லும் சுட்டிகள் பல இன்று வெறும் பக்கத்தையே காட்டுகின்றன. யாஹூ நிறுவனம் தன் 'ஜியோசிட்டீஸ்' என்னும் இலவச இடத்தை 2009 ஒக்டோபரில் மூடியது. 'மரத்தடி', 'ராயர் காப்பி கிளப்' போன்ற தமிழ் எழுத்துக் குழுக்கள் இயங்கிய யாஹூ குழுமங்களும் 2020 டிசம்பரில் மூடப்பட்டன. சொந்தப் பெயரில் இடம் வாங்கியோர் ஆண்டுக் கட்டணம் செலுத்தாதபோது அவர்தம் பதிவுகளும் மறைந்தன. பதிவர் பலர் முகநூலுக்குச் சென்றனர். அங்கே எழுதியதை மறுவாரம் தேடியெடுத்தலும் அரிது. எங்கள் கொப்பிகளைப் போர் கொண்டது. இவற்றைக் கொண்டது ஒரு நிறுவனத்தின் கணக்குப் புத்தகம். கருவியைச் சோதித்துச் சோதித்துப் பார்த்தோர், அக்கருவி ஒருநாள் இல்லாது போனால் என் செய்வது என்னும் ஒன்றை மட்டும் சோதிக்க மறந்தனர்.

வன்னியின் இழப்பு இன்னும் ஒரு படி மேலானது. தமிழ் வலைப்பதிவு செழித்தோங்கிய 2003 முதல் 2009 வரையான காலத்தில் நம் பகுதிக்கு நாட்டின் மின்வலையமைப்பே இல்லை. மின்பிறப்பாக்கி உள்ள இடங்களிற் சிலர் இணையத்தைக் கண்டனர், அவ்வளவே. கிளிநொச்சியைச் சேர்ந்த கவிஞர் தீபச்செல்வன் 'தீபம்' என்னும் பதிவின் வாயிலாகத் தம் மண்ணின் துயரை எழுதினார். 'பதுங்குகுழியில் பிறந்த குழந்தை' என்னும் அவர் கவிதைத் தொகுதி 2008 இல் வெளிவந்தது. கவிதையால் அக்காலத்தின் பெருந்துயர் உலகறிந்தது. ஆயின் அப்பெருந்துயரின் இடையிடையே சாதாரண நாள்களும் இருந்தன. சந்தைக்குச் சென்ற நாளும், சைக்கிள் திருத்திய நாளும், பரீட்சைக்குப் படித்த நாளும் இருந்தன. அவற்றை எழுதியோர் இலர். துயரின் வரலாறு எழுதப்படும். சாதாரண நாளின் வரலாறோ அன்றே எழுதினால் அன்றி என்றும் எழுதப்படாது. கொழும்பிலும் கனடாவிலும் சிட்னியிலும் வாழ்ந்த தமிழனின் அற்ப நிகழ்ச்சிகள் இணையத்தில் ஓரளவேனும் கிடைக்கின்றன. விசுவமடுத் தமிழனின் அற்ப நிகழ்ச்சிகள் எங்கும் இல்லை. வலைப்பதிவைப் பொழுதுபோக்கு என இகழ்வாரோடு யான் உடன்படாமைக்குக் காரணம் இதுவே.

செய்யத்தக்கது யாது? சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) ஏடு தேடிப் புறப்பட்டபோது அவர் கையிற் கிடைத்தவை செல்லரித்த சுவடிகளே. அவற்றை ஒப்புநோக்கி 1887 இற் கலித்தொகையை அச்சேற்றினார். இன்றைய செல் வேறு; பதிப்பாசிரியரின் தேவை அதுவே. இணைய ஆவணக் காப்பகம் 1996 முதல் உலகின் பக்கங்களைப் படியெடுத்து வருகின்றது. மறைந்த தமிழ்ப் பதிவுகள் சிலவற்றை அங்கே காணலாம். 2005 இல் தொடங்கிய 'நூலகம்' திட்டம் ஈழத்து நூல்களையும் பாடசாலை மலர்களையும் மின்வடிவிற் காத்து வருகின்றது. 2013 முதல் 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' குழுவினர், ஆசிரியர் இசைவுடன் வலைப்பதிவுகள் பலவற்றை மின்னூல்களாக்கியுள்ளனர். இம்முயற்சிகளுக்குத் துணையாகத் தமிழ் பயிலும் உயர்வகுப்பு மாணாக்கர், தொடக்ககாலப் பதிவு ஒன்றைத் தேர்ந்து, அதன் இடுகைகளை நாள்வரிசைப்படுத்தி, பின்னூட்டங்களையும் நீக்காது, 'சோதனை' என்னும் முதல் இடுகையையும் விடாது, எழுதியவர் இசைவு பெற்றுத் தொகுத்தல் நன்று. நல்ல இடுகைகளை மட்டும் பொறுக்கியெடுப்பின் அது கட்டுரைத் தொகுதியாகுமே தவிர நாட்குறிப்பாகாது.

எழுத விரும்பும் மாணாக்கர்க்கும் ஒன்று கூறி அமைவேன். உங்கள் கையில் இன்று இருக்கும் தொலைபேசி, நாவலரின் அச்சுக்கூடத்தினும் முத்தையாவின் பொறியினும் ஆற்றல் மிக்கது. அதனைத் திறந்து பாருங்கள், சோதித்துப் பாருங்கள், பிழைத்தால் எங்ஙனம் பிழைத்தது என்பதையும் எழுதுங்கள். நாளையும் அளவையும் குறிக்க மறவாதீர்கள். எழுதியதை இணையத்தில் இடுங்கள். அதனோடு ஒரு படியைத் தாளில் எடுத்துப் பாடசாலை நூல்நிலையத்திற் கொடுத்து வையுங்கள். நாங்கள் இவ்வாண்டு பத்தாம் வகுப்பில் இதனைத் தொடங்கியிருக்கின்றோம். கிணறு, மழை, சந்தை விலை, பேருந்து வந்த நேரம் ஆகியவற்றை இருபத்திரண்டு பிள்ளைகள் எழுதுகின்றனர். ஒற்றுப்பிழைகள் உண்டு, அவற்றைத் திருத்திக்கொள்ளலாம்.